மேமோகிராம் எடுக்கப் போகிற அன்று

அன்று காலை குளித்துவிட்டுப் பவுடர் போடக் கூடாது. குட்டிக்குரா மணக்காமல் வீட்டுப் படி இறங்காத ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கிற அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட், க்ரீம் எதுவும் ஆகாது. மார்பகப் புற்றுநோய் சில பெண்களுக்குக் கட்டியாகத் திரளும் முன்பே, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சுண்ணாம்புத் துகள்களாகப் படத்தில் தெரியும். பவுடர் போன்றவற்றில் இருக்கும் தாதுப்பொருளும் அதே மாதிரி வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து டாக்டரைக் குழப்பும்.

கேரளத்தின் தென்னெல்லையில் தனுவச்சபுரத்திலிருந்தும் பாறசாலையிலிருந்தும் இந்தப் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் காலைப் பாசஞ்சரிலோ, நெய்யாற்றின்கரை வழியாகப் போகும் பஸ்ஸிலோ ஏறுகிறார்கள். அதே ரயிலில் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஏறிய தமிழ்நாட்டுப் பெண்களும் இருப்பார்கள். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையம் எல்லைக்கு இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. அந்தப் பெயரைக் கேட்டாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிற வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவர் வெறும் சோதனைக்குப் போனாலும், பக்கத்து வீட்டில் வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்.

மாதவிலக்கு நிற்காதவர்கள் அது முடிந்த அடுத்த வாரமாகப் பார்த்து நாள் குறிப்பது நல்லது. விலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு கனத்து வலிக்கும்; அப்போது அழுத்தினால் வலி இரட்டிப்பாகும். இடுப்புக்கு மேல் மட்டும்தான் உடை களைய வேண்டும் என்பதால் சேலை-ஜாக்கெட்டோ, மேல் வேறு கீழ் வேறான உடையோ வசதி. நைட்டி மாதிரி ஒரே துணியாக இருப்பது சங்கடம். கழுத்தில் கிடக்கும் மாலையைக் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடலாம். படத்தில் விழாதபடி முதுகுப் பக்கம் தள்ளிப் போட வழியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் அறைக்குள் போகும் முன்பே சொல்ல வேண்டும்.

எந்திரம் ஆள் உயரத்துக்கு நிற்கும். படுக்க வேண்டாம், ஊசி கிடையாது. டெக்னீஷியன் ஒரு பக்க மார்பைக் கீழ்த்தட்டின் மேல் எடுத்து வைத்து, மேலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டை இறக்குவார். அழுத்தம் பத்துக் கிலோவைத் தாண்டியும் வரலாம். "சேச்சி, அனங்கருதே, ஸ்வாசம் பிடிச்சோ" என்று மலையாளத்தில் குரல் வரும்; அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில விநாடிகளில் தட்டு மேலே போய்விடும். பிறகு எந்திரத்தைச் சாய்த்து, அக்குள் வரைக்கும் தெரியும்படி பக்கவாட்டில் இன்னொரு படம். இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு படம். உடை மாற்றும் நேரத்தையும் சேர்த்து அரைமணி நேர வேலை. சிலருக்கு வெறும் இறுக்கம், சிலருக்கு நல்ல வலி. 'ஒன்றும் தெரியாது' என்று தேற்றி அனுப்புகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அப்படி நம்பிப் போய் வலித்தவர் அடுத்த முறை வரமாட்டார். வலி தாங்கவில்லை என்றால் சொல்லலாம், தட்டைத் தளர்த்துவார்கள்.

அழுத்தாமல் எடுத்தால் என்ன? மார்பகத்துக்குள் பால் சுரப்பிகள், நாளங்கள், கொழுப்பு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. பரப்பி மெலிதாக்கினால்தான் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாது. மெலிந்த இடத்துக்குக் குறைந்த கதிர் போதும், அசைவும் இருக்காது. பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1913-ல் வெட்டி எடுக்கப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புற்றுநோயின் நிழல் படத்தில் தெரிகிறது என்பது அப்போதே பிடிபட்டது. மார்பகத்துக்கென்றே தனியாக எந்திரம் செய்ய மட்டும் இன்னும் ஐம்பது வருடம் ஆனது.

அப்புறம் கதிரியக்கப் பயம். நான்கு படத்துக்கும் சேர்த்து உடம்பு வாங்குவது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண், பாறை, வானம் இவற்றிலிருந்து உலகத்தில் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக வாங்குவது 2.4. ஆக, இரண்டு மாதக் கணக்கு ஒரே நாளில் சேருகிறது, அவ்வளவுதான். இந்தக் கணக்கு இந்தக் கடற்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. தெற்கே மணவாளக்குறிச்சியிலும் வடக்கே சவறையிலும் மோனசைட் கலந்த கருமணலில் தோரியம் இருக்கிறது. அங்கே இயற்கையாகவே வரும் கதிர் பல மடங்கு அதிகம். சவறைப் பகுதி அடங்கிய கருநாகப்பள்ளி வட்டாரத்து மக்களை ஆர்.சி.சி. பல வருடம் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. அந்த மண்ணின் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது 2009-ல் வெளியான முடிவு.

திருவனந்தபுரம் மாவட்டமும் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஒரு காரியம் செய்திருக்கிறது. பயணிகள் ரயிலில் யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை. 2006-ல் இங்கே 275 வார்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 1,15,652 பெண்கள், வயது 30 முதல் 69 வரை. ஒரு பாதி வார்டுகளில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையாலேயே மார்பகத்தைச் சோதித்தார்கள், எந்திரம் கிடையாது. சந்தேகம் வந்தவர்களை மட்டும் மேமோகிராமுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் அனுப்பினார்கள். 2011-ல் முதல் முடிவு வந்தது. சோதித்த 50,366 பேரில் 2,880 பேருக்குச் சந்தேகம். அதில் புற்றுநோய் 30 பேருக்கு. கையால் சோதித்த வார்டுகளில் ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்ட நோய், மற்ற வார்டுகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இருந்த புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியைக் கை தவறவிட்டது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. மும்பையில் 1998-ல் தொடங்கிய இதே மாதிரியான ஆய்வின் முடிவு 2021-ல் வந்தபோது, 50 வயது தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் 30 சதவீதம் போலக் குறைந்திருந்தது.

இந்திய அரசு 2016-ல் வகுத்த திட்டம் 30 முதல் 65 வயது வரையுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கையால் சோதிக்கச் சொல்கிறது. மேமோகிராமைச் சொல்லவில்லை. அமெரிக்காவிலோ 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எந்திரம். நம் ஊரில் எல்லோருக்கும் அப்படிச் செய்யப் பணமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, இங்கே இந்த நோய் பத்து வருடம் முன்கூட்டியே வருகிறது. இளம் வயதில் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தி. படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பாலராமபுரத்து வெள்ளை முண்டின் மேல் பிச்சிமொட்டைத் தேடுகிற கதைதான். அதனால்தான் நாற்பதுக்குக் கீழே பெரும்பாலும் ஸ்கேனுக்கு எழுதுகிறார்கள். அம்மாவுக்கோ உடன்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் கணக்கே வேறு. எப்போது தொடங்குவது என்பதை டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டு ரயிலேறிவிடக் கூடாது. படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் 0. ஒன்றும் இல்லாததற்கு 1. சாதாரணக் கட்டி, நீர்க்கட்டி போன்றவை 2. மூன்று வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டும். நான்கும் ஐந்தும் ஊசியால் திசு எடுத்துப் பார்க்க வேண்டியவை. 6 ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு. மறுபடி வரச் சொன்னாலே புற்றுநோய் என்று அழுது தீர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் நூறு பேரில் சுமார் பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பத்தில் ஒருவருக்குக்கூட நோய் இருப்பதில்லை, பெரும்பாலும்.

எந்திரத்தைத் தேவைக்கு மேல் புகழ்வதும் சரியல்ல. எட்டுப் புற்றுநோயில் ஒன்றை அது காணாமல் விடுகிறது. ரிப்போர்ட்டில் 1 என்று இருந்தும் கையில் கட்டி தட்டுப்பட்டால் அந்தக் காகிதத்தை நம்பி இருக்கக் கூடாது. மறுபக்கம், உயிருக்கு உலை வைக்காத நோயையும் அது கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு இழுத்துவிடும். பிரிட்டனில் 2012-ல் ஒரு குழு கணக்குப் போட்டது: 50 வயதிலிருந்து இருபது வருடம் 10,000 பெண்களைச் சோதனைக்கு அழைத்தால் 43 மரணம் தவிரும், 129 பேர் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாவார்கள். இதைச் சொன்னால் பெண்கள் வரமாட்டார்கள் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். இது தெரிந்த பிறகும் வருகிறவர்தான் அடுத்த முறையும் வருவார் என்பது என் எண்ணம்.

கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் நோய்க் கணக்கெடுக்கும் 'ஷைலி' ஆப்போடு வீடு வீடாக வருகிறார்கள். 2025 பிப்ரவரி 4 அன்று புற்றுநோய்க்கு எதிராகத் தொடங்கிய மாநில இயக்கத்தின் முதல் கட்டம் பெண்களுக்காகவே நடந்தது. வாசலில் நிற்கிறவரிடம் 'எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே' என்று கதவைச் சாத்தாமல், கட்டி, மார்பில் குழி விழுதல், காம்பு உள்ளே இழுத்தல், காம்பில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் அவரிடமே சொல்லலாம்.

படம் எடுத்த பிறகு ஃபிலிமையோ சி.டி.யையோ கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஒரு முறை மார்த்தாண்டத்திலும் அடுத்த முறை திருவனந்தபுரத்திலும் எடுக்கிற எல்லைக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். ஓர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருப்பது அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தானாக வராது. இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே இடத்தில் இருந்தால், பல சமயம் டாக்டர் ஊசியை எடுக்காமலே அனுப்பிவிடுவார்.