பாடியிலா, லென்ஸிலா: காசை எதில் போடுவது?

முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கக் கிளம்புகிறவர், கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே இரண்டு கட்சிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். தோல் நிறம் கேனனில்தான் அழகாக வரும் என்பார் ஒரு நண்பர். இருட்டடித்த பகுதியைக் கம்ப்யூட்டரில் பிரகாசமாக்கிக்கொள்ள நிக்கான்தான் தோது என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், புதிதாகப் படம் எடுக்கிறவரின் ஆல்பத்தில் அந்த வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

2018இல் வந்த இரண்டு ஆரம்பநிலை கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கேனன் 1500டி 24.1 மெகாபிக்சல், நிக்கான் டி3500 24.2 மெகாபிக்சல். ஃபோகஸ் புள்ளிகள் அதில் 9, இதில் 11. விநாடிக்கு அது 3 படம் எடுக்கும், இது 5. கேனனில் வைஃபை உண்டு. நிக்கானில் புளூடூத் மட்டும்தான். பெரிய இடைவெளி பேட்டரியில்தான். கேமரா நிறுவனங்கள் பின்பற்றும் பொது அளவீட்டின்படி, ஒரு முறை சார்ஜ் செய்தால் கேனனில் 500 படங்கள், நிக்கானில் 1,550 படங்கள். இரண்டு நாள் பயணம் போகிறவருக்கு இது முக்கியம். மற்றபடி, ஒரே இடத்தில் நின்று இரண்டிலும் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று அடித்துச் சொல்வது சுலபமில்லை.

மெகாபிக்சல் கணக்கும் அப்படித்தான். ஏ4 தாள் அளவுக்கு நல்ல தரத்தில் பிரின்ட் போட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் இருந்தால் போதும். 2008இல் வந்த நிக்கான் டி90இன் 12 மெகாபிக்சலே அதற்குத் தாராளம். போன் திரையில் பார்ப்பதற்கு அவ்வளவுகூடத் தேவையில்லை.

அப்படியானால் படத்தை உண்மையிலேயே மாற்றுவது எது?

சாயங்காலம், வீட்டுக் கூடம், டியூப் லைட் வெளிச்சம். பிறந்தநாள் குழந்தை கேக்கைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருக்கிறது. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால், அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 1600இல் வைத்தாலும் ஷட்டர் ஸ்பீட் 1/20 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. குழந்தையின் முகம் கலங்கி, கை ஒரு கோடாக இழுபடுகிறது. அதே பாடியில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால், ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் ஸ்பீட் 1/200க்கு ஏறும். குழந்தை அந்தரத்தில் அப்படியே உறைந்து நிற்கும். கிட் லென்ஸை வைத்துக்கொண்டு இதையே சாதிக்க ஐஎஸ்ஓவை 16,000 வரை ஏற்ற வேண்டும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும்.

இந்த லென்ஸுக்கும் ஒரு விலை உண்டு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8இல் எடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண் பளிச்சென்று இருக்கும், காது மங்கிவிடும். தனி முகத்துக்கு அது அழகு. அதே அளவில் குடும்பமே இரண்டு வரிசையாக நின்றால், பின்வரிசைக்காரர்களின் கோபத்துக்கு ஆளாக வேண்டியதுதான். அப்போது எஃப் 5.6, எஃப் 8 என்று மூடிக்கொண்டு, ஃபிளாஷையோ பகல் வெளிச்சத்தையோ நாட வேண்டும்.

ஆர்வலர்களிடையே அதிகம் குழப்பம் கிளப்பும் விஷயம் சென்சாரின் அளவு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ., அதாவது பழைய ஃபிலிமின் அளவு. ஆரம்பநிலை கேமராக்களில் இருக்கும் கிராப் சென்சார் கேனனில் 22.3க்கு 14.9 மி.மீ., நிக்கானில் 23.5க்கு 15.6 மி.மீ. 50 லென்ஸை இதில் மாட்டினால் 75 ஆகிவிடும், கேனன் என்றால் 80 ஆகிவிடும் என்று சொல்வார்கள். லென்ஸ் அதே 50தான். அது காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் சின்ன சென்சார் பிடித்துக்கொள்கிறது. அதனால் சின்ன அறையில் 50ஐ மாட்டிக்கொண்டு எடுப்பவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. கிராப் கேமராவுக்கென்றே நிக்கான் 2009இல் கொண்டுவந்த 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு இன்றும் கிராக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் இடைஞ்சல் செய்யும் அதே கிராப் சென்சார் வேடந்தாங்கலில் கைகொடுக்கிறது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். படம் எடுப்பவர் கரையில்தான் நிற்க முடியும். நிக்கான் கிராப் பாடியில் 400 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குப் பறவையை நெருக்கிக் காட்டும். பறவைப் பிரியர்கள் ஆசைப்படும் சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்கள் பெரும்பாலும் கிட்டத்தட்ட 2 கிலோ எடை. நிக்கானின் 200-500 அதைவிடக் கனம், 2.3 கிலோ. காலை முழுக்கத் தூக்கி நிற்கத் தோளில் தெம்பு இருக்கிறதா என்பதும் ஒப்பீட்டில் ஒரு வரிதான்.

வாங்கிய பிறகு மாற்ற முடியாத முடிவு ஒன்று உண்டு: மவுண்ட். லென்ஸைப் பாடியில் பூட்டும் அந்த உலோக வளையம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. கேனன் கிராப் பாடியின் வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைச் சதுரமும் இருக்கும். சிவப்பு, எல்லா இஎஃப் லென்ஸுக்கும்; வெள்ளை, கிராப் கேமராவுக்கு மட்டுமான இஎஃப்-எஸ் லென்ஸுக்கு. ஃபுல் ஃப்ரேம் பாடியில் வெள்ளைச் சதுரம் இருக்காது. இஎஃப்-எஸ் லென்ஸ் அதில் பொருந்தாது.

நிக்கானில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; பாடியில் இருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருப்ப வேண்டும். டி90, டி7200 போன்றவற்றில் அந்த மோட்டார் உண்டு. டி3500, டி5600 போன்றவற்றில் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை வாங்கி டி3500இல் மாட்டியவர், ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டும். பெயரில் ‘டி’க்குப் பதில் ‘ஜி’ என்று போட்ட ஏஎஃப்-எஸ் லென்ஸை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

லென்ஸை ஒப்பிட ஒரு செய்தித்தாள் போதும். இரண்டு பக்கத்தையும் விரித்துச் சுவரில் ஒட்டி, கேமராவை டிரைபாடில் சுவருக்கு நேராக நிறுத்தி, டைமர் போட்டு எடுக்க வேண்டும். இரண்டு லென்ஸுக்கும் ஒரே ஐஎஸ்ஓ, ஒரே அப்பர்ச்சர். தாள் ஃப்ரேமில் நிறையும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, நடுவில் உள்ள எழுத்தையும் நான்கு மூலைகளையும் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் மங்கினால், உள்ளே கண்ணாடி கொஞ்சம் விலகியிருக்க வாய்ப்பு உண்டு. எஃப் 8இல் வைத்து எடுத்தால், பலரும் ஏளனம் செய்யும் கிட் லென்ஸ் விலை உயர்ந்தவற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பதும் தெரியும்.

இன்று கடைகளில் மிரர்லெஸ் கேமராக்கள்தான் முன்வரிசையில் இருக்கின்றன. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி ஒன்று மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதற்காக மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை கேனன் இஎஃப்பில் 44 மி.மீ., நிக்கான் எஃப்பில் 46.5 மி.மீ. விட்டிருந்தார்கள். 2018இல் வந்த கேனன் ஆர், நிக்கான் இசட் வரிசைகளில் கண்ணாடி போனதால் அந்த இடைவெளி 20, 16 மி.மீ. ஆகச் சுருங்கியது. மிச்சப்பட்ட இடத்தை ஓர் அடாப்டர் நிரப்பினால், பழைய லென்ஸ் புதிய பாடியில் உட்கார்ந்துவிடும். புதிய லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட வழியில்லை.

2000ஆம் ஆண்டு வந்த கேனன் டி30 கேமராவின் 3 மெகாபிக்சலை இன்று யாரும் சீந்த மாட்டார்கள். அதற்கும் பத்தாண்டு முன்பு, 1990இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ, அடாப்டர் இருந்தால் இன்றைய ஆர் வரிசை கேமராவிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கிறது. டி3500 போன்ற கேமராக்களின் தயாரிப்பு நின்றுவிட்டதால், செகண்ட் ஹேண்ட் சந்தைதான் புதியவர்களுக்கு நல்ல வாசல். அங்கே இரண்டைச் சோதித்தாக வேண்டும். ஒன்று, ஷட்டர் கவுன்ட். ஆரம்பநிலை கேமராவின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவைக்கு உத்தேசித்துச் செய்யப்படுவது. நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே இந்த எண் பதிவாகியிருக்கும். கேனன் மாடல்கள் பலவற்றில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். இன்னொன்று, பூஞ்சை. லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரியும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதற்குத் தோதானது. பூஞ்சை பிடித்த லென்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆக, பட்ஜெட் ஒன்றுதான் என்றால், நல்ல நிலையில் இருக்கும் பழைய 24 மெகாபிக்சல் பாடி, அதோடு வரும் கிட் லென்ஸ், கூடவே எஃப் 1.8 லென்ஸ் ஒன்று; இவை போதும். பிராண்டைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பமா? லென்ஸை இரவல் கொடுக்கக்கூடிய நண்பர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள். ஆறு மாதம் எடுத்த பிறகு, படங்களின் விவரத்தில் எந்த மி.மீ. அதிகம் வருகிறது என்று கம்ப்யூட்டரில் பாருங்கள். பெரும்பாலும் 55இல் முட்டி நின்றிருந்தால் அடுத்து டெலி லென்ஸ். 18இல் என்றால் வைட் லென்ஸ். அதுவரை புதிய பாடிக்குக் காசு எடுத்து வைக்க வேண்டாம்.