‘பீஸ் ஸ்டேஷனில் வந்த முதுகுவலி’

“சேவையால் வந்ததும் அல்ல, சேவையால் மோசமானதும் அல்ல.” ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை மறுக்கும் கடிதத்தில் இந்த வரியைப் படித்துவிட்டு, அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிடும் முன்னாள் ராணுவத்தினர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். முதுகெலும்புத் தட்டு விலகல், கழுத்தெலும்புத் தேய்மானம், மூட்டுத் தேய்மானம் என்றால் கேட்கவே வேண்டாம். ‘பீஸ் ஸ்டேஷனில்’, அதாவது போர்முனை அல்லாத பணியிடத்தில், ‘தொடங்கியது’ என்று, ஓய்வுபெறும்போது உடம்பைச் சோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு ஒற்றை வரியில் முடித்துவிடும். பீஸ் ஸ்டேஷனில் பி.டி.யும் பரேடும் கிடையாதா என்ன?

இப்படிக் காரணம் சொல்லாமல் மறுப்பது செல்லாது என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். தீர்ப்பின் சட்டம் முதுகுக்கும் மூட்டுக்கும் பொருந்தும். சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால் நல்ல உடம்போடு சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை படைவீரர் தலையில் இல்லை. (2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன, அதன்பின் ஓய்வுபெற்றவர்கள் அவற்றைப் பார்த்தே எழுத வேண்டும்.)

முதல் வேலை, மெடிக்கல் போர்டு தன் முடிவை எழுதும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தின் நகலைக் கையில் வாங்குவது. இல்லாதவர்கள் தங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டன். படிவத்தில் ஊனச் சதவீதத்தையும், எழுதியிருக்கும் காரணத்தையும் பாருங்கள். பணியில் விழுந்து அடிபட்டிருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 காய அறிக்கையையும் கேளுங்கள்.

சதவீதம் ஏன் முக்கியம்? பணிக்காலம் முடிந்து வந்தவருக்கு 20-க்குக் குறைந்தால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. சேவைத் தொடர்பு ஏற்கப்பட்டு 20 இருந்தாலோ, அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடக் கேட்கலாம். 2014-ல் ராம் அவதார் வழக்கில் வந்த தீர்ப்பு அது.

மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் தள்ளுபடியானால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. எழுத்தில், பதிவுத் தபாலில், ரசீதோடு. ஆபீசில் நின்று வாயால் கேட்டுவிட்டு வருவது அப்பீல் ஆகாது. மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஆகாது.

அப்பீல் போட்டு ஆறு மாதமாகியும் பதில் இல்லையா? ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். கெடு தாண்டியவர்கள் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனுவும் சேர்க்க வேண்டும். ஆனால் தர்சேம் சிங் வழக்கின் 2008 தீர்ப்புப்படி, பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் கிடைக்கும். பத்து ஆண்டு கழித்துப் போகிறவருக்கு ஏழு ஆண்டுப் பணம் போனதுதான்.

நிலுவையில் பங்கு கேட்டு வரும் தரகர்களிடம் படிவத்தைக் கொடுக்கும் முன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக்கோடு ஒரு நடை போய் வரலாம்.