கலியாணப் பேச்சில் கேட்க மறந்த கணக்கு

கலியாணம் பேசும்போது நம்மவர்கள் விசாரிக்காத விடயமில்லை. மாப்பிள்ளையின் கடை சொந்தமா, வாடகையா, மொத்த வியாபாரியிடம் பாக்கி எவ்வளவு என்று பஸார் முழுக்கக் கேட்டறிவோம். ஓர் இரத்தப் பரிசோதனையை மட்டும் கேட்பதில்லை. அதன் விலையைப் பதுளைவாசிகளுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. குருநாகல், அநுராதபுரம் போலவே பதுளை வைத்தியசாலையும் தலசீமியா நோயாளர்களுக்கு இரத்தம் ஏற்றும் முக்கிய நிலையங்களில் ஒன்று. ஊவா மக்கள் இந்நோய்த் தடுப்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற ஆய்வொன்று 2006 இலேயே மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்துவிட்டது.

தலசீமியா தொற்றுநோயல்ல. ஹீமோகுளோபினைச் சரியாக உருவாக்க முடியாத பரம்பரைக் குறை. தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் அக்குறை வந்திருந்தால் அவர் காவி. காவிக்கு நோயில்லை, கடை நடத்தலாம், மூட்டை தூக்கலாம். தான் காவி என்பதே பலருக்குத் தெரியாது. காவிகள் இருவர் மணந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயாளியாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்புண்டு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றும் தப்பும்’ என்று கணக்குப் போடுவது பிழை. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

ஒருவர் பீட்டா தலசீமியா காவியாகவும் மற்றவர் ஹீமோகுளோபின் ஈ காவியாகவும் இருந்தாலும் இதே நிலைதான். 2019 இல் வெளியான ஆய்வில், நாட்டின் 23 நிலையங்களிலிருந்த 1774 நோயாளர்களில் 360 பேர் இவ்வகையினர்.

நோயுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு சேரும் இரும்புச்சத்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்காதிருக்க, ஆயுள் முழுக்க மருந்தும் வேண்டும். அரச வைத்தியசாலையில் இவை இலவசம். ஆனால் வருடத்தில் 13 முதல் 17 நாட்கள் போய்விடுகின்றன. தனியாளாகக் கடை நடத்துபவருக்கு அத்தனை நாளும் கதவடைப்பு. லுணுகலை, பசறைத் தோட்டங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்கு நாட்சம்பளம் இல்லை. உங்கள் கடைச் சிப்பந்தி ‘கிளினிக்’ என்று லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பரிசோதனை எளிது. சாதாரண இரத்த எண்ணிக்கை அறிக்கையில் சிவப்பணுக்கள் வழமையைவிடச் சிறிதாக இருந்தால் சந்தேகம் எழும். இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனையே முடிவைச் சொல்லும். சொந்தத்துக்குள், மச்சான் மச்சாள் முறையில் முடிப்பவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. ஒரே பாட்டனாரின் குறை இரு பக்கமும் வந்திருக்கலாம்.

ஈரானில் 1997 முதலும் சவூதியில் 2004 முதலும் மணமக்களுக்கு இப்பரிசோதனை கட்டாயம். முடிவு மணமக்கள் கையில். இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிப்பதால், கர்ப்பமான பின் அறிவதால் பயன் குறைவு. மண்டபம் பதிவு செய்து அழைப்பிதழும் அடித்தபின் அறிவதோ இன்னொரு வேதனை. பழி அப்போது பெண் வீட்டார் தலையில்தான் விழுகிறது. இது சுத்த அநியாயம். காவியொருவர் காவியல்லாதவரை மணந்தால் பிள்ளைகளுக்கு நோய் வராது. காவியாகப் பிறக்கலாம், அவ்வளவே.

ஆகவே வரன் தேடத் தொடங்குமுன்பே, பாடசாலை முடிக்கும் வயதில் பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே மணமுடித்தவர்கள் அடுத்த பிள்ளைக்கு முன்பாவது பார்க்கலாம். காவியா, இல்லையா என்பது வயதோடு மாறாது. முடிவு தெளிவாக வந்துவிட்டால் ஒருமுறை போதும். அறிக்கையைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள்.