கரைப்பானைக் காட்டும் கரித்துகள்

கனகசெட்டிக்குளமானாலும் வேறு ஊரானாலும், விவசாயி வாங்கும் இ.சி. வகைப் பூச்சிமருந்தில் பெரும்பாலும் எண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கும். கரைப்பான் எத்தகையது என்பதை ஒளியின் நிறத்தால் காட்டும் நுண்ணிய கரித்துகள்கள் உள்ளன.

2004-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இவை, 10 நானோமீட்டருக்கும் சிறியவை. 2012-ல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினர் ஆரஞ்சுச் சாற்றை 120 டிகிரியில் சூடாக்கி இவற்றைத் தயாரித்தனர். புறஊதா ஒளி பட்டால் துகள்கள் ஒளிரும். சில வகைகள் தண்ணீரில் ஒரு நிறமும் ஆல்கஹாலில் வேறு நிறமும் காட்டும். ஆல்கஹாலில் தண்ணீர் கலந்தாலும் புலப்பட்டுவிடும்.

ஆனால் இது ஆய்வுக்கூட முறையே. மருந்தின் வீரியத்தைக் கூறாது. ஆகவே விவசாயிகள் லேபிள், பேட்ச் எண், காலாவதித் தேதி பார்த்து, ரசீதுடன் மருந்து வாங்குவதே நலம்.