விளிம்பில் பின்னால் சாயுங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கொலராடோ ஆற்றோரம் இருக்கிற சிற்றூர் மோவாப். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் தங்கும் ஊர் அது. ஆண்டு முழுதும் பெய்கிற மழையைச் சேர்த்தால் 25 சென்டிமீட்டர் தேறாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செக்கச்செவேலென்று மணற்பாறை. டாலஸிலும் கலிஃபோர்னியாவிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் நீண்ட வார இறுதிக்குக் குடும்பத்தோடு வந்து வளைவுகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது சிலர் அரை நாளைக் கூடுதலாக ஒதுக்கி, வழிகாட்டியோடு செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கவும் கிளம்பிவிடுகிறார்கள். ராப்பெல்லிங் என்று எல்லோரும் சொல்கிற விளையாட்டு இதுதான்.

இதற்கு மலையேறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே நடந்தே போய்விடலாம். கயிற்று வேலையெல்லாம் இறங்கும்போதுதான். தோள் பலமும் கைப் பலமும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பொறுமை இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் இறங்கிவிடும்.

முதல் வேலை, சரியான வழிகாட்டியைப் பிடிப்பது. மோவாப்பைச் சுற்றியுள்ள பாறை நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நிலநிர்வாகத் துறையிடம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அங்கே அழைத்துப் போகிற நிறுவனம் அந்தத் துறையின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இவை இரண்டையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “நான் பயத்தில் கயிற்றை விட்டுவிட்டால் என்னை எப்படி நிறுத்துவீர்கள்?” நல்ல வழிகாட்டி இதற்கு யோசிக்காமல், சிரித்து மழுப்பாமல், ஒரே மூச்சில் பதில் சொல்வார். “அப்படியெல்லாம் ஆகாது” என்று சொல்கிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

காலமும் பார்க்க வேண்டும். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும் நல்ல பருவம். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். காலை ஆறு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழையும் உண்டு. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வந்துவிடும். பாறையில் தண்ணீர் சட்டென்று ஊறாது; விழுந்த மழையில் பெரும்பகுதி அப்படியே வழிந்து ஒரே ஓடையில் சேரும். தவிர, மணற்பாறை ஈரமானால் பலம் இழக்கும். மணல்துகள்களை ஒட்டிவைத்திருக்கிற பிணைப்பு தளர்ந்துவிடுவதால், காய்ந்திருக்கையில் யானை பலத்தோடு நிற்கிற விளிம்பு மழைக்குப் பின் கையோடு பெயர்ந்து வரலாம். மழை பெய்ததால் பயணத்தை ரத்து செய்கிறோம் என்று நிறுவனம் சொன்னால் கோபப்பட வேண்டாம், சந்தோஷப்படலாம்.

புதியவர்களை அதிகம் அழைத்துப் போகிற இடங்களில் ஒன்று, கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கின் கிளையொன்றில் இருக்கும் மார்னிங் குளோரி இயற்கைப் பாலம். சாண்ட் ஃப்ளாட்ஸ் என்ற பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டு மொட்டைப் பாறைமேல் நடக்க வேண்டும். இந்தப் பாறை, சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்து கிடந்த மணல்மேடுகள் இறுகி ஆனது. காற்று வாரி இறைத்த சாய்வு வரிகள் இன்னமும் பாறைப் பக்கங்களில் தெரிகின்றன. நடக்கும்போது ஒரு கண்டிப்பு: பாறைமேலோ ஓடை மணலிலோ மட்டும்தான் கால் வைக்க வேண்டும். இடையிடையே கறுத்து, பொருக்குத் தட்டிய மண் இருக்கும். பார்த்தால் காய்ந்த அழுக்குபோலத் தோன்றும். நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து பின்னிய உயிர்ப்பொருக்கு அது. பாலை மண் காற்றில் பறந்துபோகாமல் பிடித்துவைப்பதே அதுதான். ஒரு தடவை மிதித்தால் பழையபடி ஆகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

நடந்து சேர்ந்ததும் இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ் மாட்டும் சடங்கு. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். நமக்குப் பேன்ட்டை இடுப்பெலும்புக்குக் கீழே போட்டே பழக்கமாகிவிட்டதால் இதையும் அங்கேயே கட்டிக்கொண்டு நிற்போம். அப்படிக் கட்டினால் தலைகீழாகக் கவிழும்போது பட்டை உருவிக்கொண்டு போகக்கூடும். இறுக்கிய பிறகு கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். எலும்பைத் தாண்டி இறங்கக் கூடாது. தொடைப் பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. ஹெல்மெட் நெற்றியை மூடியிருக்க வேண்டும். ஏற்றிவிட்ட தொப்பிபோலப் பின்னந்தலையில் கிடந்தால் மேலிருந்து விழுகிற கல் நெற்றியைப் பதம் பார்க்கும். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தொங்கும் சட்டைக் கயிறு எல்லாம் பைக்குள். நீள முடியைப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிட வேண்டும். இறங்குகருவிக்குள் முடி சிக்கினால் வலி ஒரு பக்கம். பாதி வழியில் தொங்கிக்கொண்டு அதை எடுக்கவும் முடியாது, வெட்டக் கத்தி எடுத்தால் பக்கத்திலேயே இழுத்துக்கட்டிய கயிறு இருக்கும்.

இறங்குகருவி பெரும்பாலும் எட்டு வடிவ உலோக வளையமாகவோ அதன் திருந்திய வகையாகவோ இருக்கும். கயிறு அதற்குள் வளைந்து நெளிந்து போகும். திமிறுகிற மாட்டின் கயிற்றைக் கட்டுத்தறியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் சிறுவன்கூடப் பிடித்து நிறுத்திவிடுவான் அல்லவா, அதே உராய்வுக் கணக்குதான் இங்கேயும். எழுபது கிலோ ஆளைத் தாங்குவது உராய்வு. கையில் விழுவது சொற்ப எடை. கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடிக்கிற கைதான் பிரேக். அந்தக் கை இடுப்புக்குப் பின்னால், தொடையோரம் இருக்க வேண்டும். விரலைத் தளர்த்தினால் இறங்குவீர்கள். பிடித்துக் கையைப் பின்னால் கொண்டுபோனால் நிற்பீர்கள். மேலே உள்ள கை சும்மா ஒரு துணைக்கு. புதியவர்கள் பயந்தவுடன் செய்கிற முதல் காரியம், அந்தத் துணைக்கையால் மேல்கயிற்றை உடும்புப்பிடி பிடிப்பது. அதனால் பிரயோசனமே இல்லை, விரல்தான் சோரும்.

நல்ல வழிகாட்டி இதையெல்லாம் பேசிவிட்டு நேரே விளிம்புக்குக் கூட்டிப்போக மாட்டார். பக்கத்தில் ஒரு சாய்பாறையில் இரண்டொரு தடவை இறங்கச் சொல்வார். நடுவில் “நில்” என்பார், “இரண்டு கையையும் காட்டு” என்பார். அப்போதுதான் உங்கள் பிரேக் கை பேச்சைக் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியும்.

அடுத்தது நங்கூரம். பாறையில் அடித்த போல்ட்டோ, பெரிய கல்லைச் சுற்றிக் கட்டிய நைலான் பட்டையோ எடையைத் தாங்கும். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்படி இரட்டையாகப் பார்த்துக்கொள்வார்கள். புதியவர்களுக்காக வழிகாட்டி கயிற்றை ஒரேயடியாக முடிந்துவிடுவதில்லை. எடை தொங்கும்போதே அவிழ்க்கக்கூடிய முடிச்சில் நிறுத்திவைப்பார். நீங்கள் பாதியில் சிக்கிக்கொண்டால், மேலிருந்தே உங்களைக் கயிற்றோடு கீழே இறக்கிவிடலாம். கீழே முதலில் போய் நிற்கிற ஆள் கயிற்றின் நுனியைக் கையில் வைத்திருப்பார். நீங்கள் பிரேக்கை விட்டாலும், அவர் சுண்டி இழுத்த மாத்திரத்தில் கருவி இறுகி நீங்கள் அந்தரத்தில் நின்றுவிடுவீர்கள். ஆரம்பத்தில் கேட்கச் சொன்ன கேள்விக்கு எதிர்பார்க்க வேண்டிய பதில் இதுதான். உங்கள் துணிச்சலை நம்பி இந்த ஏற்பாட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை.

விளிம்பை நெருங்குமுன் ஒரு குறும்பட்டையால் உங்களை நங்கூரத்தோடு மாட்டிவிடுவார்கள். பிறகு கருவியில் கயிற்றை நுழைத்து, கருவியை ஹார்னஸோடு இணைக்கிற காரபினர் வளையத்தின் திருகைப் பூட்டி, வழிகாட்டி விரலால் அழுத்திப் பார்ப்பார். வாயால் “பூட்டியிருக்கு” என்று சொன்னால் போதாது. அழுத்திப் பார்த்தால்தான் கணக்கு. கொக்கி, கயிறு, காரபினர், பட்டை என்று வரிசையாகத் தொட்டு முடித்து, உங்கள் எடை கயிற்றுக்கு மாறிய பிறகே குறும்பட்டையைக் கழற்றுவார்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

இனி முதல் அடி. முழுப் பயணத்திலும் கடினமானது இந்த மூன்று நான்கு வினாடிதான். முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி நின்று, கால்களைத் தோளகலம் அகட்டி, பின்னால் சாய வேண்டும். உடம்பு ஒத்துக்கொள்ளாது. பள்ளம் என்றால் முன்னால் குனிந்து பாறையைக் கட்டிக்கொள் என்றுதான் பிறந்ததிலிருந்து அதற்குத் தெரியும். ஆனால் பாறையை அணைக்க அணைக்கக் காலின் அழுத்தம் பாறைமேல் குறைந்து, பாதம் வழுக்கி, முழங்காலும் முகமும் பாறையில் மோதும். சாய்ந்தால் உள்ளங்கால் முழுதும் பாறையில் பதியும், வழுக்காது. எங்கள் குழுவில் கோவையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் இருந்தார். விளிம்பில் நின்றபடியே, “தம்பி, இது உட்கார்றதா, நிக்கிறதா?” என்று கேட்டார். “நாற்காலி பின்னாடி இருக்குன்னு நெனச்சு உட்காருங்கம்மா, கால மட்டும் மடக்காதீங்க” என்றான் மகன். வழிகாட்டி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்கியது அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அம்மா உட்கார்ந்தார், இடுப்பு விளிம்புக்குக் கீழே போனது, அப்புறம் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

விளிம்பைத் தாண்டிவிட்டால் நடைதான். சின்னச் சின்ன அடியாக, கால்களை அகட்டியபடி, வலது தோளுக்கு மேலாகக் கீழே பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். சினிமாவில் வருவதுபோல் உதைத்துத் துள்ளிப் போகக் கூடாது. ஒவ்வொரு துள்ளலிலும் நங்கூரத்தின்மேல் விழும் இழுவை கூடுகிறது, கருவி சூடாகிறது. வேகமாக இறங்கி முடித்தவரின் கருவியை வெறுங்கையால் தொட்டால் சுடும். தோல் கையுறை கொடுப்பது அதனால்தான்.

முதல் இறக்கம் நூறடிக்குச் சற்றுக் குறைவு. மேலே வானம் மட்டும் தெரிகிற குகைபோன்ற அறைக்குள் இறக்கிவிடும். இடைக்கால அறை என்று அதற்கு ஆங்கிலத்தில் பேர் வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும். இறங்கியதும் கயிற்றைக் கழற்றி, ஒதுங்கி நின்று, “ஆஃப் ராப்பெல்” என்று கத்த வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மேலே அடுத்த ஆளை மாட்டுவார்கள். கடைசி ஆள் வந்ததும் வழிகாட்டி கயிற்றை உருவிவிடுவார். அந்த நொடியிலிருந்து மேலே திரும்ப வழி கிடையாது. அடுத்த இறக்கத்தையும் முடித்தாக வேண்டும்.

இப்படித் திரும்ப வழியில்லாத இடங்கள் உள்ள இந்த நிலத்தில், தனியாக வருகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஏரன் ரால்ஸ்டன். 2003 ஏப்ரலில், எங்கே போகிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் இதே யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்குக்குள் போனார். உருண்ட பாறையொன்றுக்கும் பள்ளத்தாக்கின் சுவருக்கும் இடையில் வலக்கை மாட்டிக்கொண்டது. ஐந்து நாள் கழித்துக் கையைத் தானே அறுத்துக்கொண்டு, ஒற்றைக் கையோடு சுமார் 65 அடி கயிற்றில் இறங்கி வெளியே வந்தார். இயக்குநர் டேனி பாயில் அதை ‘127 ஹவர்ஸ்’ என்று 2010-இல் படமாக்கினார். இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

இரண்டாவது இறக்கம் நூறடிக்கு மேல். பக்கத்திலேயே 243 அடி நீளத்துக்கு மார்னிங் குளோரி பாலம் வளைந்து நிற்கிறது. கொஞ்ச தூரம் பாறையில் கால் படும். அப்புறம் பாறை உள்வாங்கிவிட, கால் காற்றில் தொங்கும். பதற வேண்டாம். உண்மையில் இதுதான் சுலபமான பகுதி: வழுக்கக் கால் இல்லை, மோத முழங்கால் இல்லை. கயிற்றின் முறுக்குக்கு ஏற்ப உடம்பு மெல்லச் சுழலும், சுழலட்டும். பிரேக் கை மட்டும் தொடையோரத்தை விட்டு வரக் கூடாது. படமெடுக்க ஆசைப்பட்டு அந்தக் கையால் போனைத் தேடாதீர்கள். கீழே இறங்கியவர்கள் எடுத்துத் தருவார்கள்.

இங்கே விளிம்பை உற்றுப் பார்த்தால் விரல் நுழைகிற ஆழத்துக்குக் கோடு கோடாகப் பள்ளங்கள் தெரியும். கயிற்றை உருவும்போது மணலோடு உரசி உரசி அறுத்த தடங்கள் அவை. மணற்பாறை அத்தனை மென்மை. அதனால் அக்கறையுள்ள வழிகாட்டிகள் கயிறு உரசாத விதமாக நங்கூர வளையத்தை விளிம்புக்கு வெளியே தள்ளி வைக்கிறார்கள். அது வசதியில்லாத ஏற்பாடு. முதல் அடி இன்னும் கொஞ்சம் சங்கடமாகும். இருந்தாலும் இதைச் செய்கிறவரிடம்தான் போக வேண்டும் என்பேன்.

இறக்கம் முடிந்த பிறகு, கொலராடோ ஆற்றோரம் போகிற 128-ஆம் நெடுஞ்சாலை வரை ஓடையோரமாக இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான நடை. ஓடையைப் பலமுறை தாண்ட வேண்டியிருக்கும், ஷூ நனையும். 1870-களின் கடைசியில் இங்கே மாடு மேய்த்து வாழ்ந்த கறுப்பினத்தவர் வில்லியம் கிராண்ட்ஸ்டாஃப் பெயரால் பள்ளத்தாக்கு இன்று வழங்குகிறது. அவருடைய இனத்தைச் சொல்லி இழிவாக வழங்கிவந்த பழைய பெயரை 2017-இல்தான் மாற்றினார்கள். பாலத்தடியிலும் பாதையோரமும் மும்மூன்று இலையாக, பச்சைப் பசேலென்று ஒரு செடி மண்டிக் கிடக்கும். பாலைவனத்தில் பச்சையைப் பார்த்த ஆசையில் தொட்டுவிடாதீர்கள். பாய்சன் ஐவி அது. அதன் எண்ணெய் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தோல் தடித்துக் கொப்புளமாகும். துணியிலும் ஷூவிலும் ஒட்டிவந்த எண்ணெயும் அதையே செய்யும். அறைக்குப் போனதும் படத்தை யாருக்காவது அனுப்புவதற்கு முன், முழங்காலுக்குக் கீழே சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, போட்டிருந்த பேன்ட்டைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள்.