சுனையும் கற்றளியும்: மைசூர் மைன்ஸிலிருந்து ஒருநாள் யாத்திரை

மெக்ஸிகோ நாட்டின் யுகடான் தீபகற்பத்திற்குச் செல்லும் பிரயாணிகளுக்கு ஒருநாள் சுற்றுலா ஒன்று உண்டு. காலையில் வழிகாட்டியோடு புறப்பட்டு, மாயா இனத்தார் விட்டுச் சென்ற சிச்சென் இட்சா என்னும் பாழ்நகரைச் சுற்றிப் பார்ப்பார்கள். வெயில் ஏறியதும், அருகிலுள்ள இயற்கை நீர்க்குழிகளில் இறங்கி நீந்துவார்கள். அந்தப் பிரதேசம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை; நிலத்தின்மேல் சொல்லத்தக்க ஆறு கிடையாது. பெய்த மழையெல்லாம் பாறையைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். காலக்கிரமத்தில் மேற்கூரை இடிந்து விழ, அடியிலிருந்த நீர் வானத்தைப் பார்க்கும். அத்தகைய குழியைச் சார்ந்தே மாயா மக்கள் ஊர் அமைத்தார்கள். சிச்சென் இட்சா என்ற பெயருக்கே ‘இட்சா மக்களின் கிணற்று வாய்’ என்பதுதான் பொருள்.

சென்ற ஆண்டு, புனாவில் வாழும் உறவினர் ஒருவர் இந்தச் சுற்றுலாவைப் பற்றிய படங்களை எனக்குக் காட்டி, “நம் பக்கத்தில் இப்படி ஏதேனும் உண்டா?” என்று கேட்டார். அவருடைய பாட்டனார் வடஆற்காட்டுக் கிராமமொன்றிலிருந்து மைசூர் மைன்ஸுக்குச் சென்று, சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். பேரனோ அந்த ஊரை ஒரு முறையேனும் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு விடையாகவே நாங்கள் ஒன்பது பேர், குழந்தைகள் உட்பட, ஒருநாள் யாத்திரை புறப்பட்டோம். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களில் பலருக்கும் இந்த ஊரோடு இத்தகைய தொடர்பு இருக்கக்கூடும்.

கோலார் தங்கவயலை மைசூர் மைன்ஸ் என்று அழைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் வழக்கம். மைசூர் நகரத்திற்கும் இதற்கும் நெடுந்தூரம். பழைய மைசூர் சமஸ்தானத்தில் இருந்ததால் வந்த பெயர் அது. பங்காரப்பேட்டையில் ரயில் மாறி, உரிகம், சாம்பியன் ரீப் வழியாக மாரிக்குப்பத்தில் போய் இறங்குவோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் சுரங்கத்தில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். “முதலில் சுனை, பிறகு கோயில், கடைசியில் என் இடம்” என்று அவரே நாளை வகுத்துக் கொடுத்தார்.

தங்கவயலிலிருந்து கோலார் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நகரத்தை அடுத்து நிற்பது சதசிருங்க மலை. நூறு சிகரங்களையுடையது என்பது பெயரின் பொருள். மலைமேல் நூற்றுக்கணக்கான படிகள் ஏறினால் அந்தரகங்கை. காசி விசுவநாதர் கோயிலை ஒட்டிய சிறு குளத்தில், கல்லால் செதுக்கிய நந்தியின் வாயிலிருந்து நீர் இடையறாது விழுந்துகொண்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் அது விழுகிறது என்பதுதான் அதிசயம். ஏனெனில் கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஏரிகளையே நம்பி வாழ்ந்த பூமி இது. ஏரிகள் பொய்த்த பின், ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டு நீர் தேட வேண்டியதாயிற்று. 2018-ஆம் ஆண்டு முதல், பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து இம்மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பி வருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மலைமேல் ஓர் ஊற்று!

கங்கையே காசியிலிருந்து அந்தரங்கமாக வருகிறாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பாறையியல் வேறொரு விளக்கம் தருகிறது. யுகடானின் சுண்ணாம்புக்கல்லைப் போல இங்குள்ள கருங்கல் நீரில் கரைவதில்லை. ஆனால் அது வெடிக்கும். மலையின் உடலெங்கும் வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மழைநீர் அவற்றில் மெல்ல இறங்கித் தேங்கி, வெடிப்பு எங்கே மலைச்சரிவைச் சந்திக்கிறதோ அங்கே வெளிவருகிறது. இறங்கும் வேகம் குறைவாதலால், மழைக்காலத்தில் பெற்றதைக் கோடையிலும் கொடுக்க முடிகிறது. மேலே ஏறிச் சென்றால், அதே வெடிப்புகளின் வழியே காற்றும் நீரும் பாறையைத் தின்று, உருண்டைக் கற்களாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருப்பதைக் காணலாம். அடுக்கின் இடைவெளிகளே இங்குள்ள குகைகள். வழி அறிந்தவர் துணையின்றி அவற்றில் நுழையக் கூடாது. கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகளிடமிருந்து தப்புவது அரிது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் குளத்தைக் கண்டதும் குதிக்க ஆயத்தமானார்கள். பெரியவர் தடுத்தார். இது தீர்த்தம், கையில் ஏந்திப் பருகவும் தலையில் தெளித்துக்கொள்ளவும் உரியது, நீச்சலுக்குரியதன்று. பிள்ளைகளின் முகம் வாடியது உண்மைதான். நீந்துவதற்கென்றே இங்கு வருகிறவர் ஏமாந்து போவார்.

மலையிலிருந்து இறங்கிக் கோலாரம்மன் கோயிலுக்குச் சென்றோம். கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். கங்க மன்னர்களின் ஆதித் தலைநகரம் அது; தலைநகரம் தலைக்காட்டிற்கு மாறிய பின்னும் ‘குவளாலபுரத்து இறைவன்’ என்ற விருதை அந்தக் குலத்தார் விடவில்லை. பவணந்தி முனிவரைக் கொண்டு நன்னூலைச் செய்வித்த சீயகங்கனுக்கும் கல்வெட்டுகளில் இந்த விருது உண்டு. பள்ளிக்கூடத்தில் நன்னூற் சூத்திரங்களை நெட்டுருப் போட்டவர்களுக்குக் கோலார் அந்நிய ஊராகாது!

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கநாட்டை வென்றனர். 1116-ஆம் ஆண்டில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றும் வரையில், ஏறத்தாழ நூறாண்டுகள், இப்பகுதி ‘நிகரிலிசோழ மண்டலம்’ என்ற பெயரோடு சோழராட்சியில் இருந்தது. அக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கோலாரம்மன் கோயிற் சுவர்களை நிறைத்திருக்கின்றன. அம்மனை அவை பிடாரியார் என்று குறிக்கின்றன. ஏழு மாதர் வழிபாட்டுக்குரிய இடம் இது. தேள்கடியிலிருந்து காப்பவளாகக் கருதப்படும் சேளம்மாவும் இங்கே இருக்கிறாள். சேள் என்பது கன்னடத்தில் தேள்.

எங்களோடு வந்த பதினொரு வயதுச் சிறுமிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. புனாவில் அவள் படிக்கும் பள்ளியில் அதற்கு வழியில்லை. பெரியவர் அவள் விரலைப் பிடித்துக் கல்லின்மேல் ஓடவிட்டு, ப, ட, ர என்னும் வடிவங்களைக் காட்டினார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான எழுத்தாயினும் இந்த மூன்றும் இன்றைய வடிவத்திலிருந்து வெகுவாக விலகவில்லை. சற்றுநேரம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அவள் எழுத்துக் கூட்டிப் ‘பிடாரி’ என்றாள். அவள் தமிழில் வாசித்த முதற்சொல் அது. உடனே, “அந்தப் பக்கத்துச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, தாத்தா?” என்று கேட்டாள். பெரியவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

அருகிலுள்ள சோமேசுவரர் கோயில் விஜயநகர காலத்தது. அதன் கோபுரத்தையும் கல்யாண மண்டபத்துத் தூண்களையும் நின்று பார்க்க வேண்டும். நாங்கள் விரைந்து பார்த்தோம். ஹைதர் அலியின் தந்தை பதே முகம்மதுவின் சமாதியும் கோலாரில் உள்ளது.

முல்பாகல் சாலையில் சென்று தெற்கே திரும்பினால் ஆவணி. பாழ்நகரைக் காணும் உணர்ச்சி வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கன் ஆகியோர் பெயரால் ஈசுவரன் கோயில்கள் ஒரே மதிலுக்குள் நெருங்கி நிற்கின்றன. நுளம்ப மன்னர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் எழுந்தவை இவை. திரிபுவனகர்த்தர் என்ற துறவி ஒருவர் இத்தலத்தை 40 ஆண்டுகள் நிருவகித்து, 50 கோயில்களும் இரண்டு பெரிய ஏரிகளும் அமைத்து, 961-இல் மறைந்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது. கோயிலுக்கு நிகராக ஏரியையும் கணக்கில் சேர்த்த அந்தக் கல்வெட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வறண்ட நாட்டில் துறவிக்கும் அதுவே கடமையாக இருந்திருக்கிறது.

ஊருக்குமேலே மொட்டைப் பாறை மலை. வால்மீகியின் ஆசிரமம் இங்கிருந்தது என்றும், சீதை லவகுசர்களை ஈன்றது இங்கேதான் என்றும் ஐதிகம். உச்சியில் சீதைக்குக் கோயில் உண்டு. ஏறும் வழியில் பாறைக்குழிகளில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. இத்தகைய குழியைத்தான் தமிழில் சுனை என்கிறோம். பிள்ளைகள் அதில் முழங்கால் அளவு இறங்கிக் கூத்தாடினார்கள். பாசி வழுக்கும், ஆழம் தெரியாத சுனையில் இறங்குவது தகாது.

பேத்தமங்கலம் வழியாகத் திரும்பினோம். பாலாற்றின் குறுக்கே அமைந்த இவ்வூர் ஏரிதான் சுரங்க ஊர்களுக்குக் குடிநீர் அளித்தது. மாலை நான்கு மணிக்குப் பெரியவர் சொன்ன ‘என் இடம்’ வந்தது: சாம்பியன் ரீப். மதிலுக்கு அப்பால், துருப்பிடித்த இரும்புச் சாரமும் அதன் உச்சியில் அசையாத சக்கரமும் தெரிந்தன.

இங்கும் ஒரு பழைய பாழிடத்தின்மேல்தான் புதியது எழுந்தது. 1802-இல் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி வந்தபோது, கிராமத்தார் மண்ணை அலசிப் பொன்துகள் எடுத்ததைக் கண்டார். முன்னோர் தோண்டிக் கைவிட்ட குழிகளும் இருந்தன. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து இங்கே மின்சாரம் வந்தது; பெங்களூர் நகருக்கே அதன் பிறகுதான் மின்விளக்கு. வடஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினார்கள். அங்கே பாறையின் வெப்பம் 65 டிகிரி சென்டிகிரேட். பாறை வெடித்து மாண்டவர் பலர். தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மாண்டவர் அதனினும் பலர். அந்த லைன் வீடுகளிலிருந்தே படிப்பும் இயக்கமும் முளைத்தன. அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ இதழ், அவர் 1914-இல் மறைந்த பின்னர், 1926 முதல் சில ஆண்டுகள் இந்தச் சாம்பியன் ரீப்பிலிருந்துதான் வெளிவந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. மூடியதும் நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. நூற்றிருபது ஆண்டுகளாக இறைத்து வெளியே தள்ளிய நிலத்தடி நீர் திரும்பி வந்து, சுரங்க வழிகளை நிறைத்துக்கொண்டது. “பார்க்க வந்தீர்களே, இதுதான் இந்த ஊரிலேயே பெரிய சுனை. அதற்குள் நான் போன வழியெல்லாம் இருக்கிறது” என்றார் பெரியவர். மாயா மக்கள் பொன்னணிகளைத் தெய்வத்திற்கென்று சிச்சென் இட்சாவின் புனிதக் குழியில் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கர் அவற்றை வாரியெடுத்தார். இங்கே ஏறத்தாழ 800 டன் பொன்னை எடுத்துவிட்டு, குழியை நீருக்கு விட்டிருக்கிறார்கள்.

யாத்திரை செல்வோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். மூடிய சுரங்கத்தின் வாய், பழைய கல்குழி, சயனைடு மேடு ஆகியவற்றின் அருகே பிள்ளைகளைத் தனியே விடலாகாது. சாம்பல் நிறக் குன்றுகளாகத் தோன்றும் அந்த மேடுகள், பொன் பிரித்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கல்மாவு. ஆடி மாதக் காற்றில் அந்தத் தூசி வீட்டுச் சோற்றுப்பானை வரையில் வரும் என்கிறார்கள். மேட்டடியில் மழைக்காலத்தில் தேங்கும் நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் அதில் கைவைக்க வேண்டாம். சுரங்க எல்லைக்குள் அனுமதியின்றி நுழையவும் கூடாது. ஐப்பசி முதல் மாசி வரையில் சென்றால் சுனைகளில் நீரும் இருக்கும், பாறையும் சுடாது. குடிநீரும் நல்ல செருப்பும் அவசியம்.

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். இருட்டிய பின்பே திரும்புகிறார்கள். நாங்கள் நிலையத்தை அடைந்தபோது அப்படி ஒரு ரயில் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஓர் இளைஞன் பெரியவரைக் கண்டு, “இன்னும் வீட்டுக்குப் போகலையா தாத்தா?” என்று கேட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். பையில் அந்தரகங்கையில் பிடித்த தண்ணீர் இரண்டு பாட்டில் இருந்தது.