சீலியாக் நோயும் கல்லீரல் பாதிப்பும்

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்படும் ஒரு தன்னெதிர்ப்பு நோய் ஆகும். எச்.எல்.ஏ-டி.கியூ2 அல்லது டி.கியூ8 மரபணு வகை உள்ளவர்களுக்கே இது பெரும்பாலும் ஏற்படுகிறது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைப்பது இதன் முதன்மை விளைவு என்றாலும், கல்லீரலும் பலருக்குப் பாதிக்கப்படுகிறது.

பாதிப்பு ஏற்படும் விதம்

குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலைச் சென்றடைகிறது. சீலியாக் நோயில் குடற்சுவரின் தடுப்பாற்றல் குறைவதால், நுண்ணுயிர் நச்சுகளும் அழற்சியைத் தூண்டும் பொருட்களும் இவ்வழியே கல்லீரலை எட்டி அழற்சியை உண்டாக்குகின்றன என்று கருதப்படுகிறது. சத்துக்குறைபாடும் ஒரு காரணமாகலாம்.

வகைகள்

1. சீலியாக் கல்லீரல் அழற்சி: மிகப் பரவலாகக் காணப்படும் வகை. நோய் கண்டறியப்படும்போது வயது வந்தோரில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் இரத்தத்தில் உயர்ந்திருக்கும். பெரும்பாலும் வேறு அறிகுறி இராது.

2. உடனிருக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள்: தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி, முதனிலைப் பித்தநாள அழற்சி போன்றவை. இவற்றுக்கு உணவு மாற்றம் மட்டும் போதாது; தனி மருத்துவம் தேவை.

3. கடும் கல்லீரல் நோய்: அரிதாக இழைநார் வளர்ச்சி (சிர்ரோசிஸ்), கல்லீரல் செயலிழப்பு வரை செல்லக்கூடும். பின்லாந்து ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் கல்லீரல் நோயுடன் சீலியாக் நோயும் கண்டறியப்பட்ட நால்வரின் கல்லீரல் செயல்பாடு குளூட்டன் நீக்கிய உணவால் மேம்பட்டது. அவர்களுள் சிலர் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பரிசீலிக்கப்பட்டவர்கள்.

கண்டறிதல்

மது, வைரசு, மருந்து, கொழுப்புக் கல்லீரல் ஆகிய காரணங்கள் இல்லாமல் நொதிகள் உயர்ந்திருந்தால், வயிற்றுப்போக்கு இல்லாவிட்டாலும் சீலியாக் நோய்க்கான சோதனை செய்யப்படுகிறது. இரத்தத்தில் திசு டிரான்சுகுளூட்டமினேசு எதிர்ப்பொருள் அளவிடப்பட்டு, தேவைப்பட்டால் சிறுகுடல் திசு ஆய்வால் உறுதி செய்யப்படும். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக நோயில்லை எனக் காட்டக்கூடும்.

சிகிச்சை

வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. சீலியாக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நொதிகள் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பாவிடில், உணவில் குளூட்டன் கலந்துள்ளதா, வேறு கல்லீரல் நோய் உள்ளதா என ஆராய வேண்டும்.

சப்பாத்தி, பரோட்டா, ரவை, மைதா, சேமியா ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுவதையும் கவனிக்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், பருப்பு வகைகள் குளூட்டன் அற்றவை. கோதுமை அரைக்கும் இயந்திரத்திலேயே அரைத்தால் அவற்றிலும் அது கலந்துவிடும்.

இந்தியாவில்

2016-இல் வெளியான ஆய்வின்படி, வயது வந்தோரில் இந்நோய்க்கான எதிர்ப்பொருட்கள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும் தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. தெற்கில் அரிது என்பதாலேயே, காரணம் புலப்படாத கல்லீரல் பாதிப்பில் இந்நோய் நினைவுக்கு வராமல் போகக்கூடும்.